வாக்கி டாக்கியின் வாட்: பெட்டி சொல்வதும் மீட்டர் சொல்வதும்



நம் கடைத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட்டுக்கொள்கிறோம். கால் கிலோ துவரம்பருப்பில் ஐந்து கிராம் குறைந்தாலும் வாடிக்கையாளர் கேட்பார், கேட்கவும் வேண்டும். ஆனால் நாமே ஒரு பொருளை வாங்கும்போது, அதன் அளவு கிலோவிலோ லிட்டரிலோ இல்லாமல் 'வாட்' என்று இருந்தால், பெட்டியில் அச்சடித்த எண்ணை அப்படியே நம்பிவிடுகிறோம். அப்படி நம்பி நாம் ஒருமுறை ஏமாந்தோம். நம்மை நம்பிய நாலு பேரையும் ஏமாற்றியிருப்போம். நல்ல வேளையாகத் தப்பினோம். அந்த அனுபவத்தில் கற்றதை நம் சங்க உறுப்பினர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2019-ஆம் ஆண்டு அத்திவரதர் வைபவம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்ததை நம் ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்தக் கூட்ட நெரிசலில் கடைக்கும் கிடங்கிற்கும் இடையே செல்பேசி அழைப்பே பல நேரம் கிடைக்காமல் தவித்தோம். எனவே பின்னொரு வைகாசி கருட சேவைக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டபோது, ஆளுக்கொரு வாக்கி டாக்கி இருந்தால் நல்லது என்று தோன்றியது. வெளியூர் வியாபாரி ஒருவரிடம் பத்து கருவிகள் மொத்தமாக வாங்கினோம். ஆறு நமக்கு, நான்கைப் பக்கத்துக் கடைக்காரர்கள் அடக்க விலைக்கே எடுத்துக்கொண்டார்கள். பெட்டியில் '8 வாட், 10 கிலோமீட்டர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடையிலிருந்து சின்ன காஞ்சிபுரத்துப் பந்தல் மூன்று கிலோமீட்டர்கூட இராது. ஆனால் கரகரவென்ற ஓசைதான் வந்ததே தவிர, பேச்சு ஒரு வார்த்தை புரியவில்லை.

நம் வாடிக்கையாளர் ஒருவரின் மகன் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர். அவரிடம் கருவியைக் காட்டினோம். அவர் ஒரு மீட்டரும் சிறு பெட்டி ஒன்றும் கொண்டுவந்து, அலையைக் காற்றில் விடாமலே அளந்தார். மீட்டர் காட்டியது 4.2 வாட். "ஐயா, வாட் பாதி என்பது சிறிய குறை. பெரிய குறை வேறு இருக்கிறது" என்றார். அந்தப் பெரிய குறையைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் வாட்டைப் பார்ப்போம்.

மொத்த எடையும் நிகர எடையும்

ஒரு கருவி எடுத்துக்கொள்ளும் மின்சக்தியை அறிய வோல்ட்டை ஆம்பியரால் பெருக்க வேண்டும். நாம் வாங்கிய கருவியின் பேட்டரி 7.4 வோல்ட். பொத்தானை அழுத்திப் பேசும்போது அது 1.3 ஆம்பியர் இழுத்தது. பெருக்கினால் 9.6 வாட். இது பேட்டரியிலிருந்து உள்ளே போகும் சக்தி. நம் கணக்கில் சொன்னால் மொத்த எடை.

உள்ளே போவது அத்தனையும் வானொலி அலையாக வெளியே வருவதில்லை. ஒரு பகுதி சூடாகிக் கழிந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் தொடர்ந்து பேசினால் கருவியின் முதுகு சுடுவது இதனால்தான். கைக்கருவிகளில் பாதிக்குப் பாதி, சில சமயம் அதற்கும் குறைவாகத்தான் அலையாக வெளிவரும். அதுதான் நிகர எடை. 9.6 உள்ளே போய் 4.2 வெளியே வந்தது முறையான கணக்கே. அதே கருவி 8 வாட் தர வேண்டுமானால் உள்ளே ஏறக்குறைய 16 வாட் போக வேண்டும்; பேட்டரியிலிருந்து 2 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். அது இழுப்பதோ 1.3 தான். மீட்டரே இல்லாவிட்டாலும் இந்த ஒரு பெருக்கலில் பெட்டியின் பொய் வெளிப்பட்டுவிடும். சாக்கோடு சேர்த்து நிறுத்த எடையைச் சரக்கின் எடை என்று சொல்லி விற்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இந்தக் குழப்பம் நம் ஊரில் மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் பொதுமக்கள் பேசிக்கொள்வதற்கென்று 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 'சிட்டிசன் பேண்ட்' என்னும் அலைவரிசையை 1958-இல் திறந்தார்கள். லாரி ஓட்டுநர்களும் சிறு வியாபாரிகளும் அதை மிகுதியாகப் பயன்படுத்தினார்கள். தொடக்கத்தில் அங்கே வரம்பு 5 வாட். ஆனால் அது கருவியின் கடைசிக் கட்டத்திற்குள் போகும் சக்தியின் அளவு. பின்னர் 1970-களில் வெளிவரும் சக்தியை வைத்து 4 வாட் என்று மாற்றினார்கள். எண் ஐந்திலிருந்து நான்காகக் குறைந்ததே தவிர, கருவியின் வலு குறையவில்லை. அளக்கும் இடந்தான் மாறியது. ஆகவே யாராவது இத்தனை வாட் என்று சொன்னால், உள்ளே போவதா வெளியே வருவதா என்று முதலில் கேட்க வேண்டும்.

தலைதட்டியா, கூம்பாகவா?

படியால் அளந்த காலத்தை நம் வயதொத்தவர்கள் அறிவார்கள். தலைதட்டி அளந்தால் ஓர் அளவு. கூம்பாகக் குவித்து அளந்தால் வேறொரு அளவு. படி ஒன்றுதான். வாட்டிலும் இப்படி இரண்டு வகை உண்டு.

ஏ.எம். என்னும் முறையில் இயங்கும் சிட்டிசன் பேண்ட் கருவியில், நாம் பேசாமல் பொத்தானை மட்டும் அழுத்தினால் 4 வாட் வெளிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதைக் கேரியர் என்பார்கள். உரக்கப் பேசினால் குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப அலையும் ஏறி இறங்கும். முழு அளவு ஏறும்போது அலையின் உயரம் இரண்டு மடங்காகும். சக்தி என்பது உயரத்தின் வர்க்கம் என்பதால், அந்த உச்சக் கணத்தில் அது நான்கு மடங்கு, அதாவது 16 வாட். இது கூம்பாகக் குவித்த அளவு. கருவி மாறவில்லை. பெட்டியில் 4 என்று போட்டாலும் உண்மை, 'உச்சம்' என்ற சொல்லைச் சேர்த்து 16 என்று போட்டாலும் உண்மை. அந்தச் சொல்லை விட்டுவிட்டு 16 என்று மட்டும் போட்டால் அது ஏமாற்று.

எஸ்.எஸ்.பி. என்னும் முறையில் கேரியரே கிடையாது. பேசாதபோது ஒன்றும் வெளிவராது. ஆகவே அதை உச்ச அளவால் மட்டுமே சொல்ல முடியும். அமெரிக்க விதியில் சிட்டிசன் பேண்டுக்கு அது 12 வாட். சாதாரண முள் மீட்டரை இதில் மாட்டிப் பேசினால் முள் மூன்று நான்கு வாட்டில் ஆடும். கருவி பழுது என்று எண்ணிவிடக் கூடாது. முள் மெதுவானது, உச்சத்தைத் தொடுமுன் குரல் இறங்கிவிடுகிறது. இதற்கு உச்சத்தைப் பிடித்துக் காட்டும் மீட்டர் தேவை.

நம் கைகளில் இன்று இருக்கும் வாக்கி டாக்கிகளில் பெரும்பாலானவை எஃப்.எம். முறையில் இயங்குபவை. இதில் பேசினாலும் பேசாவிட்டாலும் அலையின் உயரம் ஒன்றே. தலைதட்டினாலும் கூம்பு வைத்தாலும் ஒரே அளவு. எனவே எஃப்.எம். கருவிக்கு உச்ச வாட் என்று தனியாக ஒன்றைக் காட்டி விற்க வந்தால், விலை பேசாமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

அளப்பது எப்படி?

அந்த இளைஞர் கொண்டுவந்த சிறு பெட்டிக்கு டம்மி லோடு என்று பெயர். ஆன்டெனாவுக்குப் பதிலாக அதை மாட்டுவார்கள். உள்ளே இருப்பது 50 ஓம் மின்தடை. அலையைக் காற்றில் விடாமல் தானே வாங்கிச் சூடாக்கிக்கொள்ளும். மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லை. ஆன்டெனாவோ டம்மி லோடோ இல்லாமல் வெறுமனே பொத்தானை அழுத்தினால் கருவியின் கடைசி டிரான்சிஸ்டர் எரிந்துபோக இடமுண்டு.

100 ஓம் மதிப்பும் 3 வாட் தாங்கும் திறனும் உள்ள இரண்டு மின்தடைகளைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 50 ஓம் ஆகும். 6 வாட் தாங்கும். கம்பி சுற்றிய மின்தடையாக இருக்கக் கூடாது. கம்பிச் சுற்று வானொலி அலைக்குச் சுருளாகத் தோன்றி, கணக்கைக் கெடுத்துவிடும்.

இந்த 50 ஓமின் குறுக்கே எத்தனை வோல்ட் நிற்கிறது என்று தெரிந்தால் வாட் தெரிந்துவிடும். ஒரு டயோடையும் ஒரு சிறு கெப்பாசிட்டரையும் இணைத்தால் அலையின் உச்ச வோல்ட் நேர்மின்சாரமாகத் தேங்கும். அதைச் சாதாரண மல்டிமீட்டரால் படிக்கலாம். பிறகு கணக்கு மிக எளிது. உச்ச வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். 20 வோல்ட் என்றால் 20 பெருக்கல் 20, 400. நூறால் வகுத்தால் 4 வாட். 10 வோல்ட் என்றால் 1 வாட் மட்டுமே. வோல்ட் பாதியானால் வாட் கால் பங்காகிவிடும் என்பதைக் கவனிக்கவும். டயோடு தன் பங்குக்கு அரை வோல்ட் அளவு பிடித்துக்கொள்ளும். அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

27 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு இந்த எளிய அமைப்பே ஓரளவு சரியாகச் சொல்லும். 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்யும் கருவிகளுக்கு இது போதாது. அங்கே ஒரு விரற்கடைக் கம்பிகூடக் கணக்கை மாற்றிவிடும். அதற்கென்று செய்த மீட்டர்தான் வேண்டும்.

மீட்டரிலும் சரி பார்க்க வேண்டும்

தொழில் செய்பவர்கள் பல பத்தாண்டுகளாக வைத்திருப்பது பேர்டு 43 என்னும் அமெரிக்க மீட்டர். அதில் அலைவரிசைக்கும் வாட்டுக்கும் ஏற்றபடி ஓர் உருளையை மாற்றி மாற்றிச் செருகுவார்கள். அதன் துல்லியம் 5 சதவீதம். இதைக் கேட்டதும் நாம் திருப்தியடைந்தோம். ஆனால் அந்த 5 சதவீதம் முள் காட்டும் எண்ணில் அல்ல, முழு அளவில் என்று அந்த இளைஞர் திருத்தினார். 100 வாட் உருளையைப் போட்டால் பிழை 5 வாட் வரை போகலாம். அதில் 5 வாட் கருவியை அளப்பது, மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசில் ஏலக்காய் நிறுப்பது போன்றது. 10 வாட் உருளையைப் போட்டால் பிழை அரை வாட்டுக்குள் நிற்கும். நம் கருவி காட்டிய 4.2 இப்படிப்பட்ட 10 வாட் அளவில் படித்தது. அப்படியானால் உண்மை 3.7-க்கும் 4.7-க்கும் இடையே எங்கோ இருக்கும். எப்படிப் பார்த்தாலும் 8 இல்லை.

மீட்டர் வாங்குவோர் அது எந்த அலைவரிசைக்கு என்றும் பார்க்க வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸுக்குச் செய்த மலிவான மீட்டரை 446 மெகாஹெர்ட்ஸ் கருவியில் மாட்டினால், அது காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

அடுத்தது ஆன்டெனாவில் மாட்டி அளக்கும்போது வரும் சிக்கல். ஆன்டெனா சரியாகப் பொருந்தாவிட்டால், அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு திரும்பி வரும். நம் மொழியில் ரிட்டர்ன் சரக்கு. பொருத்தத்தை எஸ்.டபிள்யூ.ஆர். என்ற எண்ணால் சொல்வார்கள். அது 1 என்றால் ஒன்றும் திரும்பாது, 1.5 என்றால் நூற்றுக்கு 4 திரும்பும். 2 என்றால் 11. 3 என்றால் 25. போன சக்தியிலிருந்து திரும்பியதைக் கழித்தால்தான் நிகர விற்பனை. போனதை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது.

வழியில் கேபிளும் கொஞ்சம் தின்னும். ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கேபிள் 10 மீட்டர் நீளம் போட்டால், 27 மெகாஹெர்ட்ஸில் சிறு பங்குதான் போகும். 450 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஏறக்குறைய பாதி சக்தி கேபிளிலேயே கழிந்துவிடும்.

வாட் கூடினால் தூரம் கூடுமா?

நாம் 8 வாட்டுக்கு ஆசைப்பட்டதே தூரத்துக்காகத்தான். அந்த ஆசையே தவறான கணக்கு என்று பிறகுதான் தெரிந்தது. தடையே இல்லாத வெட்டவெளியில்கூடத் தூரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் சக்தி நான்கு மடங்காக வேண்டும். வீடும் சுவரும் நெருங்கிய ஊருக்குள் இன்னும் மோசம். 4 வாட்டை 8 வாட்டாக்கினால் தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே பெரிது. ஆக, பெட்டி சொன்ன 8 வாட் உண்மையாகவே இருந்திருந்தாலும் நம் பந்தலுக்குக் குரல் போய்ச் சேர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

தூரத்தைத் தருவது உயரம். இந்தக் கருவிகளின் அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்ற எண்ணின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அந்த உயரத்திலிருந்து அலை எட்டும் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். கையில் பிடித்த கருவி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் 5 கிலோமீட்டர். எதிராளிக்கும் 5. கூட்டினால் 10. பெட்டியில் போட்ட '10 கிலோமீட்டர்' எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும். ஒரு மரமும் ஒரு சுவரும் இல்லாத சமவெளியில் கிடைக்கும் தூரம் அது. காந்தி ரோட்டில் கிடைப்பதல்ல.

9 மீட்டர் உயர மாடியில் ஓர் ஆளை நிறுத்தினால் அவருடைய அடிவானம் மட்டுமே 12 கிலோமீட்டர். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் ஏறக்குறைய 59 மீட்டர்; அதன் உச்சிக்கு இந்தக் கணக்கில் 31 கிலோமீட்டருக்கு மேல். கோபுரத்தில் ஏறச் சொல்லவில்லை. கீழ்க்கடையில் நின்று வாட்டுக்குப் பணம் கொட்டுவதைவிட, மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுவது செலவில்லாத வழி என்று சொல்ல வருகிறோம். நாமும் அப்படிச் செய்து பார்க்கத்தான் நினைத்தோம். அதற்குள் அந்த இளைஞர் தடுத்துவிட்டார்.

பெரிய குறை

இனி அவர் சொன்ன பெரிய குறை. நாம் வாங்கிய கருவிகள் உரிமம் இன்றிப் பேசக்கூடிய அலைவரிசையில் இயங்குபவை அல்ல. போலீசுக்கும் மற்றத் துறைகளுக்கும் ஒதுக்கிய அலைவரிசைகளிலும் போய்ப் பேசக்கூடியவை. நம் பந்தல் ஆட்கள் மோர் தீர்ந்துவிட்டது என்று கத்துவது, கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் காவலரின் காதில் ஆபத்துச் செய்திக்குக் குறுக்கே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எண்ணிப் பார்க்கவே மனம் கூசியது.

நம் நாட்டில் வானொலிக் கருவி வைத்துப் பேச உரிமம் தேவை. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் இதை ஆண்டு வந்தன. அவற்றின் இடத்துக்கு 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்துள்ளது. உரிமத்திலிருந்து சில அலைவரிசைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. சிட்டிசன் பேண்டான 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை 5 வாட்டுக்குள், கருவியோடு சேர்ந்த ஆன்டெனாவுடன் பேசலாம். 2018 முதல் 446.0 - 446.2 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் குறைந்த சக்திக் கைக்கருவிகளுக்கும் விலக்கு உண்டு. ஐரோப்பாவில் இவ்வகைக் கருவிக்கு வரம்பு அரை வாட்தான். இதிலிருந்தே ஒன்று புரியும். 446 கருவி, உரிமம் வேண்டாம், 8 வாட் என்று மூன்றையும் சேர்த்து ஒருவர் விற்றால் அவர் சொல்வது பொருந்தாது.

விலக்குப் பெற்ற கருவியானாலும், மத்திய அரசின் கம்பியில்லாத் தொடர்புத் திட்டப் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் கருவி வகை ஒப்புதல் அதற்கு இருக்க வேண்டும். ஆன்டெனாவைக் கழற்ற முடியாத கருவியில் நம் மீட்டரை மாட்ட இடமில்லை. அவற்றின் வாட்டைச் சோதனைக் கூடத்தில்தான் அளக்க முடியும். அந்த ஒப்புதல்தான் நமக்குத் தராசு முத்திரை மாதிரி.

விற்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அலைவரிசை, உரிமம், ஒப்புதல் ஆகிய விவரங்களைச் சொல்லாமல் வாக்கி டாக்கிகளை விற்றதற்காக இணையவழி விற்பனைத் தளங்களுக்கு 13 நோட்டீஸ்கள் அனுப்பியது. அதே மாதத்தில் இதற்கென வழிகாட்டு நெறிகளும் வெளியாயின. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பொம்மை, மின்சாமான் விற்கும் நம் உறுப்பினர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

கூடுதல் வாட்டில் நெடுந்தூரம் பேச விரும்புவோருக்கு நேர்வழியும் உண்டு. டபிள்யூ.பி.சி. நடத்தும் தேர்வில் தேறி அமெச்சூர் உரிமம் பெறலாம். ஆனால் அதை வியாபாரப் பேச்சுக்குப் பயன்படுத்தக் கூடாது. சேவைக்கும் கல்விக்கும் மட்டுமே. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, போர்ட் பிளேரில் வானொலி நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலியாளர், மற்றத் தொடர்புகள் அறுந்த நேரத்தில் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பி உதவினார். ஒழுங்காக அளந்து, ஒதுக்கிய இடத்தில் பேசுகிறவர்கள் இருப்பதால்தான் ஆபத்து நேரத்தில் அந்த வழி திறந்திருக்கிறது.

வாங்கும் முன்னும் விற்கும் முன்னும் கேட்க வேண்டியவை

1. எந்த அலைவரிசை? உரிமம் வேண்டுமா, விலக்கு உண்டா?

2. கருவி வகை ஒப்புதல் எண் இருக்கிறதா?

3. சொல்லும் வாட் உள்ளே போவதா, வெளியே வருவதா? உச்சமா, சாதாரணமா?

4. பேட்டரி வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால், சொல்லும் வாட்டைப்போல் இரண்டு மடங்காவது வருகிறதா?

5. தூரம் என்று போட்டிருப்பது வெட்டவெளிக்கா, ஊருக்குள்ளா?

நம் கதைக்கு முடிவு சொல்லிவிடுகிறோம். பக்கத்துக் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்ட நான்கையும் திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டோம். ஒருவர், "வேலை செய்கிற வரைக்கும் இருக்கட்டுமே அண்ணாச்சி" என்று மறுத்தார். "முத்திரை இல்லாத தராசு என்று தெரிந்த பிறகு அதில் நிறுப்பீர்களா?" என்று கேட்டோம். மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். விற்ற வெளியூர் வியாபாரி பாதிப் பணம்தான் திருப்பினார். மீதி நமக்கு நஷ்டம். அடுத்த ஆண்டுப் பந்தலுக்கு இரண்டு பையன்களைச் சைக்கிளில் விட்டோம். மோர் தீருமுன் செய்தி வந்து சேர்ந்தது.